இடப்பக்கம்

அட்டகாமாப் பாலை
கடைசிக் கல் வரை நடந்துவந்து
கால் நனைக்காமல் நின்றுவிட்ட இடம்
எங்கள் துறை.
குடிதண்ணீர் லாரியில் வரும்.
மற்றதெல்லாம் கடலில் வரும், வந்தால்.

படகின் பெயர் லா போர்ஃபியாதா.
பிடிவாதக்காரி என்று பொருள்,
குளிர்காலையில் அதன் இயந்திரக் கயிற்றை
இழுத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
ஓட்டுவது நோல்பெர்த்தோ.
மிதவைச் சட்டை மாட்டிவிடுவதும்
எத்தனை பேர், எத்தனை திமிங்கலம் என்று
நோட்டில் எழுதுவதும் நான்.
'பார்க்காவிட்டால் பாதிப் பணம் வாபஸ்.'
பலகையில் எழுதியது அவன்.
எண்ணிக் கொடுப்பது நான்.

இன்றைக்கு ஏழு பேர்.
முழங்கை நீள லென்சோடு ஒருவர்.
கைகோத்தபடியே படகேற முயன்று
தடுமாறிய புதுத் தம்பதி.
இரண்டு பையன்களோடு ஒரு தகப்பன்.
அப்புறம் எதெல்மிரா,
கோப்பியாப்போ மின்வாரியத்தில் கணக்கு,
ஒரே ஒரு நாள் லீவு என்றாள்
நான் கேட்காமலே.

பத்து மணிக்கு மூடுபனி விலகியது.
தீவைத் தாண்டியதும் ஓங்கில்கள்,
அணியத்தின் அடியில் நுழைந்து நுழைந்து
பந்தயம் விட்டன.
பையன்கள் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள்.
லென்ஸ்காரர் முந்நூறு படம் எடுத்தார்,
முந்நூறிலும் நுரை.

பிறகு இயந்திரத்தை அணைத்தான்.

அணைத்த பிறகுதான் கடல் ஆளைப் பிடிக்கும்.
குறுக்கலை,
தூக்கும்,
ஒரு நொடி யோசிக்கும்,
போட்டுவிடும்.
எதெல்மிராவின் முகம்
அவித்த முள்ளங்கியானது.
அசையாததைப் பாருங்கள், தீவைப் பாருங்கள் என்றேன்.
தீவும் அசைகிறதே என்றாள்.

'அங்கே!'
வலப்பக்கம், வெகு தூரத்தில்
வெள்ளையாக எதோ எழுந்தது.
மூச்சா, பாறையில் மோதிய அலையா.
ஆறு பேரும் வலப்பக்கம்.
பாதிப் பேர் இந்தப் பக்கம் வாருங்கள், சாயுது சாயுது,
நோல்பெர்த்தோ கத்த
யார் கேட்டார்கள்?
எதெல்மிரா மட்டும் இடப்பக்கம் போனாள்,
பாரம் சரிசெய்ய அல்ல.
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து
காலை ரொட்டியைக்
கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான்
அவள் எச்சில் நூலுக்கு நேர் கீழே
பச்சை வெளுத்தது.

சத்தமில்லை.
நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன்,
குமட்டல் பாதியில் நின்றுபோன முதுகு.
எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள்
தண்ணீரின் மேல்
எண்ணெய் வார்த்ததுபோல் ஒரு வட்டம்,
சுருக்கமே இல்லாமல்.

இருந்தது, என்றாள் வாயைத் துடைத்தபடி.
படகைவிடப் பெரிசு.
தாடை வெள்ளை. போய்க்கொண்டே இருந்தது,
முடியவே இல்லை.

லென்ஸ்காரர் சிரித்தார், படம் இல்லையே அம்மா.
வாந்தி மயக்கம் என்றான் தகப்பன்.
நோல்பெர்த்தோ சிரிக்கவில்லை.
எந்தத் திசையில் போனது?
நம்ம முகம் இருக்கிற திசையில்தான்.
அப்படியானால் உங்களுக்குக் காட்டியது வலத்தாடை, என்றான்.
துடுப்புத் திமிங்கலத்துக்கு
வலத்தாடைதான் வெள்ளை,
இடது கறுப்பு.
மின்வாரியத்தில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.
எழுதிக்கோ ஜெசேனியா, ஒன்று.

கரையில் ஆறு கை நீண்டது.
ஒன்று என்றால் ஒன்றுதான், பணம் கிடையாது
என்று பிடிவாதம் பிடித்தான் அவன்.
எங்களுக்கு எங்கே தெரிந்தது, என்றார்கள் அவர்கள்.
பத்து நிமிஷம்.
முடிவில் நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
ஏழாவது பங்கை நீட்டினேன்.
எதெல்மிரா நோட்டுகளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
எலுமிச்சம்பழம் இருக்கா என்றாள்.

திமிங்கலம்: ஒன்று.
பார்த்தவர்: ஒருவர்.
அந்த நோட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

மாலையில் வாளியோடு
படகின் இடப்பக்கத்தைக் கழுவினேன்.
இந்த வெயிலில் எல்லாம் சீக்கிரம் காய்ந்து ஒட்டிவிடும்,
சுரண்ட வேண்டியிருந்தது.
நடுவில் ஒருமுறை
அவள் பிடித்த அதே இடத்தைப் பிடித்து
குனிந்து பார்த்தேன்.
கல்.
கயிறு.
கல்லுக்கடியில் போகலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்த ஒரு நண்டு.